தாடைக்குக் கீழே ஒரு சாம்பல் துணி

1

நான் அந்தமானில் கப்பலிறங்கி இந்த மாதத்தோடு முப்பது வருஷம். மானாமதுரைப் பள்ளிக்கூடத்து நண்பர்கள் நீங்கள் எல்லோரும் சேர்ந்து "உன் தீவு வாழ்க்கையை எழுதுடா" என்று என்னைப் பிடுங்கி எடுத்தீர்கள். கடல், பழைய சிறைச்சாலை, பவளப்பாறை என்று ஏதாவது வரும் என்று காத்திருப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். போன மாதம் என் வீட்டில் ஒரு விவகாரம் நடந்தது. அதை எழுதி முடிக்காமல் வேறு எதையும் எழுத எனக்குக் கை ஓடவில்லை.

விவகாரம் இதுதான்: என் மனைவி மல்லிகா சாம்பல் நிறத்தில் துணி வாங்க ஆரம்பித்தாள்.

இதில் என்னடா இருக்கிறது என்பீர்கள். அவளை உங்களுக்குத் தெரியாது. மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில் கழுத்து, இந்த மூன்றைத் தாண்டி அவள் பீரோவுக்குள் எதுவும் நுழைந்ததில்லை. தீபாவளிக்கு யாராவது மங்கலான நிறத்தில் சேலை எடுத்துக் கொடுத்தால், "துடைக்கிறதுக்கு ஆகும்" என்று மடித்து வைத்துவிடுவாள். எங்கள் வீட்டில் சாம்பல் நிறத்தில் இருந்த ஒரே பொருள் கிரைண்டர் கல்தான்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கிழக்கு ஜன்னலோரம் கைக்கண்ணாடியோடு நின்றாள். தாடைக்குக் கீழே ஒரு சாம்பல் நிறத் துணியைப் பிடித்துப் பார்த்தாள். அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் பிடித்தாள். அதுவும் சாம்பல்தான். பிறகு மூன்றாவது.

"என்ன பண்ற?"

"சும்மா பாக்குறேன்."

"சும்மா யாராச்சும் பாப்பாங்களா?"

"நான் பாப்பேன். நீங்க வெளிச்சத்த மறைக்காதீங்க."

நான் நகர்ந்துகொண்டேன். ஆனால் என் மனசு அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

2

நான் ஏன் இப்படி என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இருபத்தொன்பது வருஷம் ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு அரசாங்க குடோனில் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிற சரக்கைச் சரிபார்த்து உள்ளே எடுப்பது என் வேலை. காகிதத்தில் எழுதியிருப்பதை நான் நம்பக் கூடாது. அதற்குத்தான் சம்பளம். மூட்டையைத் தொட்டுப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன், வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்ப்பேன். போன வருஷம் ஓய்வு பெற்றேன். வேலை போய்விட்டது, கண் மட்டும் அப்படியே இருக்கிறது. பார்ப்பதற்கு அதற்கு இப்போது வீட்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

வீடு போர்ட் பிளேர் புரோத்ராபூரில். பின்னால் நாலு பாக்கு மரம், பக்கத்து வீடு தெலுங்கு, எதிர்வீடு மலையாளம், எல்லோருக்கும் பொதுவாக இந்தி. போர்ட் பிளேருக்குப் பெயர் மாற்றி ஆயிற்று, பஸ் கண்டக்டர் இன்னமும் பழைய பெயரைத்தான் கூவுகிறார். நாங்களும் அப்படியே இருக்கிறோம். வீட்டுக்குள் மானாமதுரைத் தமிழ், அதற்கு நடுவில் கூப்பிடாத விருந்தாளியாக இந்தி வந்து உட்கார்ந்திருக்கும். சாம்பல் நிறத்தை எங்கள் வீட்டில் 'சலேட்டி' என்றுதான் சொல்வோம். ஒரு முறை மதுரையில் ஜவுளிக் கடையில் "சலேட்டி கலர்ல இருக்கா?" என்று மல்லிகா கேட்க, அந்தப் பையன் எங்களைப் பள்ளிக்கூடச் சிலேட்டு விற்கிற கடைக்கு அனுப்பிவிட்டான். அன்றைக்குச் சிரித்தோம். திரும்பி வரும் கப்பலில் யோசித்தபோது, நாம் எந்த ஊர்க்காரர் என்று ஒரு மாதிரி இருந்தது.

சரி, விவகாரத்துக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து அபர்டீன் பஜாருக்குக் கிளம்பினாள். "நானும் வர்றேன்" என்றேன். அவள் முகம் ஒரு நொடி சுருங்கியதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி செருப்பை மாட்டினேன்.

பஜாரில் தாஸ் என்று ஒரு வங்காளி துணிக்கடை வைத்திருக்கிறார். மல்லிகா கேட்டதும் தாஸ் ஒரு அலமாரி நிறைய சாம்பலை இறக்கிப் போட்டார். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. அவளுக்கு அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். இது எலிக் கலர், இது புறா, இது சிமெண்டு, இது திருநீறு, இது மழை மேகம், இது அடுப்புக்கரி.

"யே வாலா ஏக்தம் நயா ஷேட் ஹை, பாபி" என்று தாஸ் பளபளவென்று ஒன்றை விரித்தார். புத்தம் புது ஷேடாம்.

"நஹி தாதா, இதுல நீலம் ஓடுது" என்றாள் மல்லிகா, பாதி இந்தி பாதி தமிழில். தாஸுக்குப் புரிந்தது. எனக்குத்தான் புரியவில்லை. அவளே என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "சாம்பல்னா ஒரே சாம்பல் இல்லைங்க. உள்ள ஒரு நிறம் ஓடும். நீலம் ஓடுனா செவத்த தோலுக்கும் நல்ல கருப்புக்கும் எடுக்கும். நம்ம மாதிரி மஞ்ச பாய்ஞ்ச மாநிறத்துக்கு அதப் போட்டா மூஞ்சி செத்துப்போகும். காப்பித்தூள் கலந்த மாதிரி ஓடணும்."

துணியை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு நடந்தாள். "டியூப்லைட்ல எல்லா சாம்பலும் ஒண்ணுதான், வெயில்ல பாக்கணும்" என்றாள். என்னைக் கண்ணாடி பிடிக்கச் சொன்னாள். "நீங்க துணியப் பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாருங்க. கண்ணுக்குக் கீழ கருவளையம் கூடிச்சுன்னா அந்தத் துணி வேணாம். துணி பின்னாடி போயி மூஞ்சி முன்னாடி வந்துச்சுன்னா அதான் நம்ம துணி."

திருநீறு நிறத்தைப் பிடித்தாள். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவள் மாதிரி இருந்தாள். புறா நிறத்தைப் பிடித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், முப்பது வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பித் தட்டோடு வந்த முகம் சட்டென்று எட்டிப் பார்த்தது. நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம். நான் கேட்டது வேறு.

"இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரோ சொன்னாங்க."

யாரோ! புறா நிறத்தில் ஒரு சேலை எடுத்தாள். பிறகு கரி நிறத்தில், லேசாகக் காப்பித்தூள் ஓடுகிற ஒரு துணியைக் காட்டி, "தோ மீட்டர்" என்றாள். தாஸ் அளந்து கிழித்தார். ஸ்டோர்கீப்பர் கண் சும்மா இருக்குமா? இரண்டு மீட்டர் சேலைக்கு ஆகாது, ஜாக்கெட்டுக்கு வேண்டியதைவிட அதிகம். அது சட்டைத் துணி, ஆம்பளைச் சட்டை. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள்.

3

அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். வரிசையாக மாட்டியது.

முதலில் என் ஆதார் அட்டையைக் காணோம். மறுநாள் அதே இடத்தில் இருந்தது, ஆனால் தலைகீழாக. நான் எதையும் தலைகீழாக வைக்கிறவன் இல்லை. ஜெராக்ஸ் எடுத்திருக்கிறாள்.

அடுத்து ஃபோட்டோ. வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் பூசி வெள்ளையடிக்காத சிமெண்டுச் சுவர். "என்னங்க, இங்க பாருங்க" என்றாள். நிமிர்ந்தேன். ஃபோனில் கிளிக்.

"எதுக்கு?"

"அழகா இருந்தீங்க, எடுத்தேன்."

உங்களில் யாருடைய மனைவியாவது கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து இப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு எழுதுங்கள். சாம்பல் சேலை ஒன்று தயார், புருஷன் ஃபோட்டோ ஒன்று தயார். மாலை மட்டும்தான் பாக்கியா என்றுகூட ஒரு மதியம் நினைத்தேன். சிரிக்காதீர்கள். அதே மதியம்தான் இதுவும் நடந்தது. சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தேன். கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. கண்ணைத் திறந்தால் மல்லிகா என்மேல் குனிந்து நிற்கிறாள். இரண்டு கையிலும் துணி. துணி என் தொண்டைக் குழிக்குப் பக்கத்தில்.

"ஏய், என்ன இது?"

"கொசு."

"கொசுவுக்குத் துணியா?"

"துணியாலதான் வெரட்டுவாங்க. படுங்க."

படுத்தேன். தூக்கம் எங்கே வரும்?

எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஃபோன் பேச்சு. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டே பேசினாள். நான் பாத்ரூமில் இருந்தேன், தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "அவருக்கு இப்போ தெரிய வேணாம். கப்பல் ஏறுன பெறகு சொல்லிக்கலாம். முன்னாடியே சொன்னா இருக்கிறதும் கெட்டுப்போகும்."

ஈரத் தலையோடு அங்கேயே நின்றேன். மல்லிகா என்னை விட்டுவிட்டுப் போகப்போகிறாள். ராஜபாளையத்தில் அவள் அண்ணன் இருக்கிறார். தனியாக இருக்கிறார், "இங்க வந்துரு" என்று ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறார். சட்டைத் துணி அவருக்கு. ஜெராக்ஸ் வீட்டுப் பத்திர வேலைக்கு. கப்பல் மெயின்லேண்டுக்கு. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. எனக்குப் பயம் வந்தது.

ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாள். அவளுக்குக் காரணமும் இருந்தது.

4

காரணத்தின் பெயர் கதிர். எங்கள் ஒரே மகன். மின்துறையில் ஜூனியர் இன்ஜினியர், வேலை கார் நிக்கோபாரில். இங்கிருந்து ஒரு ராத்திரிக் கப்பல் தூரம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு வந்தவன் ஒரு பெரிய பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தான். தேங்காய் எண்ணெய். வீட்டிலேயே காய்ச்சியது, மூடியைத் திறக்காமலே மணந்தது.

"யாரு குடுத்தா?"

"தெரிஞ்ச பொண்ணு வீட்லப்பா. எஸ்தர்னு பேரு, அங்க நர்ஸா இருக்கா. அவங்க அம்மா குடுத்து விட்டாங்க."

"நிக்கோபாரிப் பொண்ணா? எதுக்குக் குடுத்தாங்க?"

"சும்மாதான்."

"சும்மா ஒருத்தரும் ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. மருந்து வச்சிருப்பாங்கடா உனக்கு."

நம் ஊரில் பெற்றவர்களுக்குப் பிள்ளை கைவிட்டுப் போனால் முதலில் வாயில் வருகிற வார்த்தை. பிள்ளைக்கு மனசு மாறாது, யாரோ சோற்றிலோ எண்ணெயிலோ எதையோ கலந்துவிட்டார்கள். முப்பது வருஷம் கடல் தாண்டி இருந்தும் அந்த வார்த்தையை நான் மானாமதுரையில் விட்டுவிட்டு வரவில்லை. கதிர் கையில் எடுத்த சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்தான்.

"அப்பா, அவங்க மனுஷங்க. உங்க குடோனுக்கு வந்த சரக்கு இல்ல."

அவ்வளவுதான். பொங்கலுக்கு மறுநாளே கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு ஃபோன் எல்லாம் அம்மாவுக்குத்தான். "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்பான், அவள் "இருக்காரு" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி டிவி பார்ப்பேன். அந்த எண்ணெய் பாட்டிலைப் பேப்பரில் சுற்றிப் பரணில் போட்டேன். என் மகனோடு நான் பேசி இரண்டு வருஷம் ஆயிற்று. அவனும் போய், இப்போது இவளும் போனால், நான் இந்தத் தீவில் யாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்?

5

ஒரு திங்கட்கிழமை எனக்கு ஃபோன் வந்தது. ஒரு பெண் குரல், இந்தி. "அங்கிள், ஆப்கே அப்ளிகேஷன் மே ஃபோட்டோ டீக் நஹி ஹை." என் விண்ணப்பத்தில் ஃபோட்டோ சரியில்லையாம், ஆபீசுக்கு வர வேண்டுமாம்.

நான் எந்த விண்ணப்பமும் போடவில்லை. மோசடி என்று முடிவு கட்டினேன். அடுத்து ஓடிபி கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. டெபுடி கமிஷனர் ஆபீஸ், இரண்டாவது கவுண்டர் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மல்லிகாவிடம் பல்வலி என்று பொய் சொல்லி பஸ் ஏறினேன். வீட்டைத்தான் என் பேரிலிருந்து மாற்றப்பார்க்கிறாள், கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் பல்லைக் கடித்ததில் பல் நிஜமாகவே வலித்தது.

கவுண்டரில் சின்னப் பெண். ஒரு தாளைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். மூலையில் என் ஃபோட்டோ, வராந்தாவில் மல்லிகா எடுத்தது. பின்னால் சிமெண்டுச் சுவர், முன்னால் என் கடுகடு மூஞ்சி. சுவர் எது, மூஞ்சி எது என்று பிரிக்க முடியவில்லை.

"பேக்கிரவுண்ட் வொய்ட் சாஹியே அங்கிள், யே தோ சலேட்டி ஹை. அவுர் சைன் பீ பாக்கி ஹை." பின்புறம் வெள்ளையாக இருக்க வேண்டும், இது சாம்பல். என் கையெழுத்தும் இன்னும் போடவில்லை.

தாளைப் படித்தேன். வீட்டுப் பத்திரமும் இல்லை, மெயின்லேண்டும் இல்லை. ட்ரைபல் பாஸ். கார் நிக்கோபார் பழங்குடி மக்களின் தீவு, அரசாங்க அனுமதி இல்லாமல் வெளியாட்கள் அங்கே கால் வைக்க முடியாது. அந்த அனுமதிக்கான விண்ணப்பம். மல்லிகாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. செல்லும் இடம், கார் நிக்கோபார். செல்லும் நோக்கம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில், மல்லிகாவின் உருண்டை எழுத்தில் எழுதியிருந்தது: மகனின் திருமணம்.

மூன்று முறை படித்தேன். என் மகனுக்குக் கல்யாணம் என்பதை ஒரு விண்ணப்பத்தின் கட்டத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன் நண்பர்களே. உங்கள் பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் எனக்கு அனுப்பினீர்களே, முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு வைத்த ஃபோட்டோவோடு. எனக்கு வந்த பத்திரிகை இதுதான்.

"பதாயி ஹோ அங்கிள்!" என்று அந்தப் பெண் வாழ்த்துச் சொன்னாள். கல்யாணம் என்றைக்கு என்றே எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்க முடியுமா? அவளுக்குத் தெரியாமல் பயணத் தேதி எழுதியிருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். அடுத்த வாரம்.

"ஃபோட்டோ அவுர் சைன் பரசோன் தக் தே தீஜியே" என்றாள். நாளை மறுநாளுக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பாஸ் இல்லை, பாஸ் இல்லையென்றால் கப்பல் இல்லை.

பேனா கவுண்டரிலேயே கயிற்றில் கட்டித் தொங்கியது. எடுத்தேன். மறுபடி அங்கேயே தொங்கவிட்டேன். தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

6

மல்லிகா சமையலறையில் இருந்தாள். தாளை அடுப்பு மேடையில் வைத்தேன். பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"எஸ்தரா?" என்றேன்.

"எஸ்தர்தான்."

"எங்கிட்ட சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணலயா?"

"சொன்னா என்ன பண்ணிருப்பீங்க? அந்தப் பொண்ணு யாரு, அவ அப்பன் யாரு, எதுக்கு நம்ம பையன், அவங்களுக்கு என்ன வேணும்னு விசாரணை வச்சிருப்பீங்க. அந்தப் பிள்ள அழுதுட்டு ஓடியிருக்கும். கப்பல் ஏறுன பெறகு சொன்னா உங்களால எறங்க முடியாதுல்ல? அதான்."

"கையெழுத்து?"

"கடைசி நாள்ல கால்ல விழுந்தாவது வாங்கிரலாம்னு இருந்தேன்."

"நீ ராஜபாளையம் போகப்போறேன்னு நெனச்சேன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கண்ணன் வீட்டுக்கா? அந்த மனுஷன் உங்களுக்கு மேல சந்தேகப் பேர்வழி. ஒருத்தரையே தாங்க முடியல, ரெண்டு பேர வச்சு நான் என்ன பண்ண?"

சாம்பல் எதற்கு என்று கேட்டேன். உட்கார்ந்து சொன்னாள். கல்யாணம் அங்கே சர்ச்சில். பெண் வீட்டார் எல்லோரும் வெள்ளை உடுத்தலாம் என்றார்களாம். "கல்யாண வீட்ல நான் வெள்ளச் சீல கட்டமாட்டேன், எம் புருஷன் கல்லு மாதிரி இருக்காரு" என்று இவள் மறுத்திருக்கிறாள். மஞ்சளும் சிவப்பும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் எஸ்தர்தான் வழி சொன்னாளாம். ரெண்டு வீட்டாரும் சாம்பல் உடுத்தலாம், ஆனால் எல்லாருக்கும் ஒரே துணி வேண்டாம், அவரவர் நிறத்துக்கு எந்தச் சாம்பல் எடுக்கிறதோ அது. வீடியோவில் மல்லிகாவுக்குத் துணி பார்க்கச் சொல்லிக்கொடுத்த 'யாரோ' அவள்தான்.

"அந்தச் சட்டத் துணி உங்களுக்குத்தாங்க. தைக்கக் குடுத்தாச்சு."

"எனக்கா? எனக்குப் பிடிச்சுப் பாக்கவே இல்லையே."

"மொதல்ல எம்மேலதான் வச்சுப் பாத்தேன். பொண்ணு பாக்க வந்தப்ப உங்கம்மா என்ன சொன்னாங்க? ரெண்டும் ஒரே நிறம், ஜோடி சேந்துபோச்சுன்னாங்கல்ல? அத நம்பி எனக்கு எடுக்கிறது உங்களுக்கும் எடுக்கும்னு நெனச்சேன். அப்புறம் கடையில உங்க மூஞ்சியப் பாத்தா, முப்பது வருஷம் ஜெட்டி வெயில்ல நின்னு நீங்க ரெண்டு ஷேடு எறங்கிட்டீங்க. புறாக் கலர் உங்களுக்கு ஆகாது, கரிதான் எடுக்கும். தைக்கக் குடுக்கிறதுக்கு முன்னாடி உறுதி பண்ணிக்கத்தான் தூங்கும்போது வச்சுப் பாத்தேன்."

"முழிச்சிருக்கும்போது பாத்தா என்ன?"

"முழிச்சிருந்தா உங்க மூஞ்சில நிறம் எங்க தெரியுது? சந்தேகம்தான் தெரியுது."

ஆனாலும் நான் நான்தானே. கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"அந்த எண்ணெய்? பரண்ல போட்டேனே, அத என்ன பண்ண?"

"போன வருஷமே எறக்கிட்டேன். சனிக்கிழமை சனிக்கிழமை நீங்க தலையில தேச்சுக் குளிச்சது அதான். என்ன மருந்து வேல செஞ்சுச்சு உங்களுக்கு? ஒரு மயிரும் மாறல."

நான் சிரித்துவிட்டேன். எனக்கே தெரியாமல் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது. அப்புறம் அடுப்பு மேடையிலேயே, மாவுக் கறை படாத இடமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன்னால் தாளின் பின்பக்கத்தையும் ஒரு முறை படித்தேன். பழக்கம்.

7

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போனோம். தைத்து வந்த கரி நிறச் சட்டையைப் போட்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். துணி பின்னால் போய் முகம் முன்னால் வந்திருந்தது. முப்பது வருஷமாக வெள்ளை அரைக்கைச் சட்டைக்குள் இருந்த ஆள் யாரோ, இந்த ஆள் யாரோ. "சூப்பரா இருக்கீங்க அங்கிள்" என்றான் ஃபோட்டோக்காரன். எல்லாரிடமும் இதைத்தான் சொல்வான். நான் முறைத்தேன். உடனே மல்லிகா அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பையிலிருந்து ஒரு எலிக் கலர்த் துண்டை எடுத்துத் தாடைக்குக் கீழே பிடித்து, காய்ச்சல்காரி மாதிரி நாக்கைத் தள்ளிக் காட்டினாள். நான் சிரித்த நொடியில் அவன் கிளிக் செய்துவிட்டான். கவுண்டர் பெண் அந்த ஃபோட்டோவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள், ஆனால் வாங்கிக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். எஸ்தர் வீட்டு எண்ணெய் பாட்டில் காலியாகிக் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது நமக்கு வழக்கமில்லை. ஊரிலிருந்து வந்த நல்லெண்ணெயை அதில் நிரப்பி, மூடியைத் துணி வைத்து இறுக்கினேன். இறுக்கும்போது ஒரு யோசனை வந்தது. இதை அந்த அம்மாவிடம் கொடுத்தால், அந்தப் பெண்ணின் அப்பா, 'இந்த ஆள் இதில் எதையாவது கலந்திருப்பாரோ' என்று நினைப்பாரோ? நினைத்தால் நினைக்கட்டும். என் இடத்தில் அவரை வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் உறைத்தது.

ராத்திரி முழுக்கக் கப்பல். காலையில் கார் நிக்கோபார் ஜெட்டி. இறங்கியதும் பாஸ் சோதனை, ஒரு மேஜை, ஒரு போலீஸ்காரர். அவருக்குப் பின்னால் தடுப்புக் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் கதிர் நின்றான். இரண்டு வருஷத்தில் இளைத்திருந்தான், இல்லை, என் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. மேகச் சாம்பலில் சட்டை போட்டிருந்தான். அவனுக்கு எடுத்திருந்தது. அவன் அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

போலீஸ்காரர் என் பாஸை வாங்கினார். "கிஸ் காம் சே?" எதற்காக வந்தீர்கள்?

வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களை நான் கேட்ட கேள்வி. ஒரு மேஜைக்கு முன்னால் நின்று நான் பதில் சொல்வது இதுதான் முதல் தடவை.

"பேட்டே கீ ஷாதி" என்றேன். மகன் கல்யாணம். இந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சத்தமாகச் சொல்லியிருக்கவில்லை. பாதியிலேயே கண் நிறைந்து வழிந்துவிட்டது.

அவர் ஃபோட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஃபோட்டோவைப் பார்த்தார். அந்தக் கண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். "ஃபோட்டோ மே தோ ஹஸ் ரஹே ஹைன்" என்றார். ஃபோட்டோவில் சிரிக்கிறார், நேரில் அழுகிறார். "யே ஆப் ஹீ ஹைன் க்யா?" இது நீங்கள்தானா?

மல்லிகா வாயைத் திறந்தாள். அதற்கு முன்னால் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மேரே பாப்பா ஹைன், சாப்." என் அப்பாதான் சார்.

போலீஸ்காரர் பாஸைத் திருப்பிக் கொடுத்தார். கம்பியைத் தாண்டினேன். கதிர் குனிந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். உள்ளே கண்ணாடி பாட்டில் எதிலோ இடித்துச் சத்தம் கேட்டது. ஒரு நொடி பையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை.